பேண்டு, பாண்டு, பல்லியம்

குமரி மாவட்டத்தில், கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரும் வழியில் சுவரொட்டிகளைப் படித்துக்கொண்டே வந்தால், ஒரே தொழிலை ஒருவர் 'பேண்டு வாத்தியம்' என்றும், அடுத்தவர் 'பாண்டு மேளம்' என்றும், இன்னொருவர் 'பேண்ட் செட்' என்றும் எழுதியிருப்பதைக் காணலாம். கல்லூரி விளையாட்டு விழா அழைப்பிதழிலும் இதே தடுமாற்றம் உண்டு. கோளாறு எழுத்தில்தான் தொடங்குகிறது. band என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலொலி மெல்லிய பகரம். தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரமோ வல்லொலி. மலையாளத்தில் அவ்விரண்டு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்து இருப்பதால் எல்லைக்கு அப்பால் இந்தச் சங்கடம் இல்லை. நாம் 'பேண்ட்' என்று எழுதினால் அது கால்சட்டையா வாத்தியக் குழுவா என்று தெரியாது. 'பேண்டு' என்று எழுதி, தமிழ் மரபுப்படியே படித்தால், அவையில் சொல்லத் தகாத பொருள் வந்துவிடும். 'பாண்டு' என்றாலோ பாண்டவரின் தந்தையும் சித்த மருத்துவத்தின் சோகை நோயும் நினைவுக்கு வருகிறார்கள்.

ஆங்கிலத்தில் ஒரே வடிவத்தில் இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்று நாடா, கட்டு என்னும் பொருளுடையது. வடமொழியின் 'பந்த' என்னும் வேருக்கு அது உறவு, நம்முடைய 'பந்தம்' அவ்வழி வந்தது. மற்றொன்று கூட்டத்தைக் குறிப்பது. அது பிரெஞ்சு வழியாக வந்தது. கொடி என்னும் பொருளுடைய பிற்கால இலத்தீன் சொல்லோடு அதை இணைப்பார்கள். ஒரு கொடியின்கீழ் திரண்ட படைவீரர் கூட்டம் என்பது முதற்பொருள். பதினேழாம் நூற்றாண்டில் படைப்பிரிவைச் சேர்ந்த இசைஞர் கூட்டத்துக்கு வழங்கி, பின்னர் இசைஞர் குழு எதற்கும் பொதுவாயிற்று. ஆகவே 'கட்டு', 'பந்தம்' ஆகியவற்றைக் கொண்டு மொழிபெயர்க்க முயல்பவர்கள் தவறான சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லைப்புறத்தில் இன்னும் இரண்டு போலி உறவுகள் உண்டு. கேரளத்துச் செண்டை மேளங்களில் ஒன்று பாண்டி மேளம். மற்றொரு மேளமான பஞ்சாரி கோயிலுக்குள் கொட்டப்படுவது, பாண்டி மதிலுக்கு வெளியே கொட்டப்படுவது என்பது பொது மரபு. திருச்சூர்ப் பூரத்தின் இலஞ்சித்தறை மேளம் பாண்டியே என்றாலும், அது வடக்குநாதன் கோயில் வளாகத்துக்குள் நிகழ்வது ஒரு புகழ்பெற்ற விதிவிலக்கு. ஆங்கில வாத்தியக் குழுவோடு பாண்டி மேளத்துக்கு எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டாவது, பாண்டில். மலைபடுகடாத்தின் தொடக்கத்தில் 'நுண்ணுருக்குற்ற விளங்கடர்ப் பாண்டில்' என்று வருவது வெண்கலத் தாளம். தமிழ்ப் பாண்டிலிலிருந்தே ஆங்கிலச் சொல் பிறந்தது என்று மேடையில் முழங்கக் கேட்டிருக்கிறேன். வட்டமானது என்னும் பொருளில் பிறந்த சொல்லுக்கும் கொடிப் பொருளில் பிறந்த சொல்லுக்கும் இடையே ஒலியொப்புமை தவிர வேறொன்றும் இல்லை.

இனி மொழிபெயர்ப்பு. அகராதிகள் தரும் 'இசைக்குழு' மெல்லிசைக் கச்சேரிக்காரர்களுக்கும் பொருந்தும். 'அணிவகுப்பு இசைக்குழு' சொல்லன்று, விளக்கம். இரண்டிலும் நடை என்னும் உயிர்ப்பொருள் அடங்கவில்லை. மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு கல்லூரியின் விளையாட்டு விழா ஒத்திகையில் இதை நேரில் கண்டேன். பெரிய டிரம் சுமந்த மாணவி, தோள்வாருக்கும் சட்டைக்கும் நடுவே ஒரு துண்டை நான்காக மடித்து வைத்திருந்தார். இடக்கால் மண்ணைத் தொடும் கணத்தில் அவருடைய கொட்டு விழ வேண்டும். ஒரே ஒரு கொட்டு பிந்தியது. பின்னால் வந்த அணிகள் வரிசை வரிசையாகத் துள்ளிக் கால் மாற்றின. இசை கேட்பதற்காக அங்கே யாரும் வாசிக்கவில்லை, நடப்பதற்காக வாசித்தார்கள்.

நம் கல்லூரிகளுக்கு இந்தப் பழக்கம் படைமரபிலிருந்து வந்ததால், 1948இல் அமைந்த தேசிய மாணவர் படையின் ஒழுங்கே இதிலும் தெரிகிறது. கொடிவணக்கமும் அணிவகுப்பும் முடிந்தால் குழுவின் வேலை முடிந்துவிடும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அது வேறு வகையாக வளர்ந்தது. பர்டூ பல்கலைக்கழகத்துக் குழு 1907இல் கால்பந்துத் திடலில் தன் பெயரின் முதலெழுத்து வடிவில் நின்றது. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக் குழு 1936 முதல் மாநிலத்தின் பெயரையே கூட்டெழுத்தாக நடந்து எழுதுகிறது. அதில் i எழுத்தின் மேற்புள்ளியாகப் போய் நிற்பது, உடலைச் சுற்றி அணியும் பெரிய ஊதுகருவியான சூசஃபோன் வாசிக்கும் மூத்த மாணவர் ஒருவருக்குக் கிடைக்கும் பெருமை.

ஆக, நடையும் பல கருவிகளும் ஒருங்கே தோன்றும் சொல் வேண்டும். இயம் என்றால் வாத்தியம், இயம்புதல் என்றால் ஒலித்தல், வாசிப்பவர் இயவர், பல கருவி சேர்ந்தது பல்லியம். திருமுருகாற்றுப்படை முருகனைக் 'குழலன் கோட்டன் குறும்பல்லியத்தன்' என்கிறது. குழலும் கொம்பும் பல சிறு கருவிகளும் என்னும் இந்த வரிசைக்கு, இன்றைய கிளாரினெட்டும் டிரம்பெட்டும் சைடு டிரம்மும் அயலானவை அல்ல. எனவே பொதுவாகப் பல்லியம், நடப்பதற்கு உரியதை நடைப்பல்லியம் என்று வழங்கலாம் என்பது என் கருத்து. இயம் என்பதை 'இயங்கு' என்பதோடு சேர்த்து வேர் காட்ட ஆசை வரும்; அழகுக்குச் சொல்லலாம், வேராகச் சொல்லக் கூடாது. கோல் சுழற்றி முன்செல்லும் டிரம் மேஜருக்கு 'முன்கோலர்' போதும். தலைக்கோல் என்பதைச் சிலர் முன்மொழிகிறார்கள். சிலப்பதிகார மரபில் அது ஆடற்கலைக்கு உரிய சிறப்பு என்பதால் அதை இங்கே இழுக்க வேண்டியதில்லை.

ஒரு தடை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். அழைப்பிதழ் வரைவில் 'பல்லிய முழக்கம்' என்று எழுதிக் கொடுத்தபோது, அதைத் தட்டச்சு செய்த மாணவர், பல்லிக்கும் விளையாட்டு விழாவுக்கும் என்ன தொடர்பு என்று பணிவாகக் கேட்டார். 'நடைப்பல்லியம்' என்று முழுச்சொல்லாக மாற்றி, அடைப்புக்குள் பேண்டு வாத்தியம் என்றும் சேர்த்து அச்சுக்கு அனுப்பினோம்.