சங்கத் தாள்களை லேமினேட் செய்யாதீர்கள்

சென்ற வாரம் புதுச்சேரி ஓவியர் சங்கம் ஒன்றின் செயலாளர், முதல் கண்காட்சியின் அழைப்பிதழையும், பதிவுக்காக ஏழு பேர் கையெழுத்திட்ட அமைப்பு விதிகளையும் பெருமிதத்தோடு என் மேசைமேல் வைத்தார். இரண்டும் லேமினேட் செய்யப்பட்டிருந்தன. “பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் ஐயா” என்றார். காகிதப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் என்னிடம் இவ்வாண்டு இப்படி வரும் நான்காவது சங்கம் இது.

லேமினேஷன் தாளைக் காப்பதில்லை. சூட்டில் உருகும் பசை தாளின் இழைகளுக்குள் இறங்கிவிடுவதால், தாளைக் கிழிக்காமல் அந்த உறையைப் பிரிப்பது ஏறக்குறைய இயலாத காரியம். தாளிலேயே இருக்கும் அமிலமோ உள்ளே அடைபட்டுத் தன் வேலையைத் தொடர்ந்து செய்கிறது. வெட்டிய ஓரங்களின் வழியே நம் கடற்கரை ஈரமும் நுழைகிறது. குடும்ப அட்டைக்குப் பொருந்தியது சங்கத்தின் வரலாற்றுக்கும் பொருந்தும் என்று எண்ணுவதுதான் பிழை. செலோடேப்பும் அதே இனம்தான்.

அந்த விதித்தாளின் குறிக்கோள் பகுதியில், உறுப்பினர் அல்லாத இளம் ஓவியர்களுக்கும் ஆண்டுதோறும் காட்சிச் சுவரில் இடம் தரவேண்டும் என்றிருந்தது. இன்றைய நிர்வாகிகள் எவருக்கும் அது தெரியாது. 1944-இல் சென்னையில் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய முற்போக்கு ஓவியர் சங்கத்தின் வழிவந்தவர்கள், பாத்திக் (மெழுகிட்டுச் சாயமேற்றும் துணி) முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணத்தில் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள் என்பதை நாம் அறிவோம். நம் ஊர்ச் சங்கம் எதற்காகக் கூடியது என்பதற்கோ, பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு பீரோவில் கிடக்கும் ஒரே தாள்தான் சாட்சி.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழைக்குப் பின், வழவழப்பான கண்காட்சிக் கையேடுகள் செங்கல்போல் ஒட்டிப்போய் வந்தன. அத்தகைய தாள் நனைந்தால் வெயிலில் காய வைக்காதீர்கள். உலர்ந்து ஒட்டுவதற்குள் பாலித்தீன் பையிலிட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். சாதாரணத் தாளை மின்விசிறிக் காற்றில் பரப்புங்கள். இரண்டு நாள் தாமதித்தால் பூஞ்சை வந்துவிடும். துருப்பிடிக்கும் கிளிப்புகளை இன்றே கழற்றுங்கள். பெட்டியைத் தரையில் மட்டும் வைக்காதீர்கள், தயவுசெய்து.

செயலாளரின் விதித்தாளை என்னால் பிரிக்க இயலவில்லை; தெளிவாகப் படமெடுத்துக் கொடுத்தனுப்பினேன். லேமினேட் ஆகாத பழைய கையேடுகள் நான்கு இன்னும் வீட்டில் இருக்கின்றனவாம். ஐப்பசி மழைக்கு முன் அவற்றையாவது கொண்டுவரும்படி கேட்டிருக்கிறேன்.