சொல் விளக்கம்: பணி மனநிறைவு

ஒருவர் தம் வேலையையும் அதன் சூழலையும் எண்ணிப் பார்க்கும்போது உள்ளத்தில் எழும் நிறைவுணர்வை ஆங்கிலத்தில் ‘ஜாப் சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ என்பர். இதன் பின்சொல், ‘போதிய அளவு’ எனப் பொருள்படும் ‘சாடிஸ்’, ‘செய்தல்’ எனப் பொருள்படும் ‘ஃபாக்கெரே’ ஆகிய இலத்தீன் சொற்களின் வழி வந்தது. கடனை முழுதாகத் தீர்த்தல் என்பது அதன் பழைய பொருள்களுள் ஒன்று. அமெரிக்கரான ராபர்ட் ஹாப்பாக் 1935இல் வெளியிட்ட ஆய்வு, இத்தொடரைத் தொழில் உளவியலில் நிலைநிறுத்தியது.

தமிழில் இதனைப் ‘பணித் திருப்தி’ என்றும் ‘பணிநிறைவு’ என்றும் எழுதுகின்றனர். திருப்தி வடசொல்லாயினும் எல்லோருக்கும் விளங்கும். பணிநிறைவு அவ்வாறன்று. ‘நிறை’ என்னும் வேர் முழுமையையும் முடிவையும் ஒருங்கே குறிப்பதால், பணிநிறைவு என்பது நம் அலுவலகங்களில் ஓய்வுபெறுதலைக் குறிக்கும் சொல்லாக உறுதிப்பட்டுவிட்டது. சேலம் அஸ்தம்பட்டியிலுள்ள மத்திய சிறையின் காவலர்களிடையே ஆய்வு மாணவர் ஒருவர் ‘தங்கள் பணிநிறைவு குறித்துக் கூறுக’ என்று வினாநிரல் வழங்கினால், ஓய்வூதியத்தைப் பற்றிய விடைகளே வரக்கூடும். எனவே ‘பணி மனநிறைவு’ என்பதே பொருத்தமானது.

இதனோடு சேர்ந்து வரும் ‘ஸ்ட்ரெஸ்’ என்பதைப் ‘பணி அழுத்தம்’ என்கிறோம். ஆனால் ‘மன அழுத்தம்’ என்றால் பலர் மனச்சோர்வு நோயையே கருதுகின்றனர். நெடுநேரம் நின்றவர் ‘கால் உளைகிறது’ என்பார். சிறையின் காவல் கோபுரத்தில் பாரா நிற்கும் வார்டருக்கு, அதாவது சிறைக் காவலருக்கு, காலும் உளையும், மனமும் உளையும். ஆகவே மக்கள் நாவில் வாழும் ‘மன உளைச்சல்’ இவ்விடத்திற்கு நன்கு பொருந்துகிறது.

உளைச்சல் குறைந்தால் மனநிறைவு தானே வந்துவிடும் என்று கருதுவது தவறு. 1959இல் அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஊதியம், மேலதிகாரி நடத்தும் முறை, பணிச்சூழல் ஆகியவை சீர்கெட்டால் வெறுப்பு உண்டாகும். சீரானால் வெறுப்பு நீங்குமே தவிர, சாதனையும் பாராட்டும் பொறுப்பும் தரும் நிறைவு அவற்றால் பிறப்பதில்லை. இந்த வேறுபாட்டைக் காட்ட ஆங்கிலத்தில் எதிர்மறைத் தொடர்களை அடுக்க வேண்டியிருக்க, தமிழில் ‘மனக்குறை’, ‘நிறைவின்மை’ என இரு சொற்கள் ஆயத்தமாக உள்ளன. கேட்ட நாளில் விடுப்புக் கிடைக்காமை, ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் என்னும், மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேட்டின் அளவை எட்டாத ஆள்பற்றாக்குறை, அதனால் நீளும் டூட்டி ஆகியவை மனக்குறைகள்; அவற்றைத் தீர்ப்பது அரசின் கடமை. தாம் காவல் காத்த கைதி சிறையிலிருந்தே பத்தாம் வகுப்புத் தேர்வெழுதித் தேறியதில் தமக்கும் பங்குண்டு என்று வார்டர் உணர்வது மனநிறைவு. அந்தப் பங்கு அவருக்கு வழங்கப்படாமல், பூட்டும் எண்ணிக்கையும் சோதனையுமே பணியாக இருக்குமானால், எல்லாக் குறைகளும் தீர்ந்த பின்னும் எஞ்சுவதே நிறைவின்மை. ஆய்வு வினாநிரல்கள் இவ்விரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும்.