உடைப்பு ஊர்ப்பக்கம் எடுத்தது: 1953 வடகடல் வெள்ளம்

கடல் தடுப்புக் கரை உடைந்தது என்றதும், அலை முட்டி முன்பக்கம் இடிந்திருக்கும் என்றுதான் நினைப்போம். 1953 பிப்ரவரி 1 விடியற்காலை நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையான சேலாந்தில் உடைந்த கரைகளில் பல அப்படி உடையவில்லை. கடலைப் பார்த்த சரிவு கல் பாவப்பட்டிருந்தது; அது தாங்கியது. ஊரைப் பார்த்த சரிவு வெறும் களிமண்ணும் புல்லும். அதுதான் ஊறி, வழுக்கி இறங்கியது. அந்த வெள்ளத்தில் நெதர்லாந்தில் 1,836 பேரும் இங்கிலாந்தில் 307 பேரும் இறந்தார்கள்.

ஜனவரி 31 அன்று ஸ்காட்லாந்துக்கு வடக்கே சுற்றிக்கொண்டு வந்த குளிர்காலப் புயல், ஜெர்மனிப் பக்கமாக வடகடலைக் குறுக்கே கடந்தது. வங்கக் கடல் புயலுக்கும் இதற்கும் பிறப்பிலேயே வேறுபாடு உண்டு. நம் புயல் கடலின் வெப்பத்தைத் தின்று வளர்கிறது. இது வடக்கின் குளிர்காற்றும் தெற்கின் வெதுவெதுப்பான காற்றும் மோதும் எல்லையில் பிறக்கிறது. கண் கிடையாது, ஆனால் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பரந்திருக்கும். அதனால் ஒரே திசையில் ஒரு பகல் முழுக்க விடாமல் வீச முடிகிறது. கடலை உயர்த்துவதில் காற்றின் வேகத்தோடு, அது வீசும் நேரத்துக்கும் பங்கு உண்டு.

காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். இயல்பான அழுத்தம் 1013. இந்தப் புயலின் நடுவில் அது 970-க்கும் கீழே போனது. அந்தக் கணக்கில் நடுக்கடலில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றம். ஹாலந்துக் கரையில் கடல் ஏறியதோ, வழக்கமான ஓதத்துக்கு (நிலவின் இழுப்பில் கடல் ஏறி இறங்குவது) மேல் சுமார் 3 மீட்டர். மீதி முழுவதும் காற்றின் வேலை.

காற்று நீர்ப்பரப்பை உரசித் தள்ளுகிறது. ஆழ்கடலானால் தள்ளப்பட்ட நீர் அடியாழத்தில் திரும்பி ஓடிவிடும். ஆழம் இல்லாத இடத்தில் திரும்ப வழி இல்லை. நீர் கரையோரம் ஏறிச் சாய்வாக நிற்கிறது. நொடிக்கு 30 மீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் நீரை ஏறத்தாழ 2.7 நியூட்டன் விசையோடு இழுக்கும். தென்வடகடலின் ஆழம் 30 மீட்டர், காற்று தள்ளும் தூரம் 300 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், அந்தக் கோடியில் நீர் சுமார் 2.7 மீட்டர் உயரும். அதே காற்று 3,000 மீட்டர் ஆழக் கடலில் வீசினால் ஏற்றம் 3 சென்டிமீட்டர்கூட வராது.

வடகடல் வடக்கே திறந்த புனல். தெற்கே போகப்போக ஒடுங்கி, கடைசியில் டோவர் நீரிணையில் சுமார் 33 கிலோமீட்டர் அகல வாயாகக் குறுகுகிறது. வடமேற்குக் காற்று தள்ளிய நீர் அந்த வாய் வழியே வெளியேற முடியாமல் தேங்கியது. பூமியின் சுழற்சி அதை வலப்புறம் ஒதுக்கியதால், ஏற்றம் முதலில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையைத் தொட்டுக்கொண்டே தெற்கே இறங்கியது. சனிக்கிழமை மாலை லிங்கன்ஷயர், நள்ளிரவைத் தாண்டி தேம்ஸ் முகத்துவாரம், விடியற்காலை 3 மணிக்கு மேல் சேலாந்து. வடக்கே மாலையிலேயே ஆட்கள் மூழ்கிக்கொண்டிருந்தபோது தெற்கே எசெக்ஸில் மக்கள் எதுவும் தெரியாமல் படுக்கப் போனார்கள். நெதர்லாந்து வானிலை நிலையம் சனிக்கிழமை மாலையே அபாயகரமான உயர்நீர் என்று எச்சரித்தது. ஆனால் அந்தக் காலத்தில் இரவில் வானொலி ஒலிபரப்பு கிடையாது.

இதோடு நிலவும் சேர்ந்துகொண்டது. ஜனவரி 29 இரவு முழுச் சந்திர கிரகணம், அதாவது பௌர்ணமி. பௌர்ணமி ஓதம் அந்தக் கரையில் உச்சத்தைத் தொடுவது இரண்டு நாள் கழித்து. அந்த உச்சமும் புயல் ஏற்றமும் ஒன்றாக வந்தன. சேலாந்தின் துறைமுகமான ஃபிளிசிங்கனில் கடல், நெதர்லாந்தில் உயரத்தை அளக்கும் அடிப்படையான ஆம்ஸ்டர்டாம் மட்டத்துக்கு மேல் 4.55 மீட்டரில் நின்றது.

இனி கரைக்கு வருவோம். பழைய கரைகளின் உட்சரிவு செங்குத்தானது: ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் அகலம்கூடத் தேறாத இடங்கள் இருந்தன. கோடையில் களிமண் காய்ந்து விட்ட வெடிப்புகளும் அகழெலி வளைகளும் உள்ளே ஓடும். கரையைத் தாண்டி வழிந்த நீர் இந்த வெடிப்புகளில் இறங்கி மேல்மண்ணை ஊறவைக்கும். மண்ணின் எடை கூடும், பிடிப்பு குறையும். புல்தோல் பாளமாகச் சரியும். அடுத்த அலை அந்தக் காயத்தில் விழுந்து அரிக்கும். முதுகு மெலிந்து கடைசியில் கரையின் தலை விழும். உயரம் போதாத கரைகளின் மேல் சிறு கான்கிரீட் சுவர் வைத்து உயர்த்திய இடங்களும் உண்டு. உயரம் கூடியது, உட்சரிவு பழையபடியே இருந்தது. சமாளிப்பு வேலைக்குக் கிடைக்கும் பலன் இப்படித்தான்.

ராட்டர்டாமுக்குக் கிழக்கே ஹாலந்து ஐசல் ஆற்றங்கரையில் க்ரூனன்டெய்க் என்ற பகுதியில் கல் பாவப்படவில்லை. அதன் பின்னால், கடல்மட்டத்துக்குக் கீழே, 30 லட்சம் மக்கள் வாழ்ந்த நிலம். விடியும் முன் அங்கே உடைப்பு எடுத்தது. நியூவெர்கெர்க் ஊர்த் தலைவர், ஆரீ ஏவெக்ரூன் என்ற படகோட்டியின் சரக்குப் படகைக் கொண்டுபோய் அந்த வாயில் அடைக்கச் சொன்னார். நேராக முகப்பை விட்டிருந்தால் நீரோட்டம் படகை உள்ளே இழுத்துப் போயிருக்கும். பக்கவாட்டில் அணைத்து விட்டதால், நீரின் அழுத்தமே அதைக் கதவு போல உடைப்போடு ஒட்டி நிறுத்தியது. மணல்மூட்டை அடுக்க நேரம் கிடைத்தது. அந்தக் கரை தப்பியதால்தான் பின்னால் இருந்த நிலம் மூழ்காமல் தப்பியது.

மற்ற இடங்களில் அந்த நேரம் கிடைக்கவில்லை. ஓதம் பன்னிரண்டரை மணிக்கு ஒருமுறை ஏறும். இரவு கூரையேறித் தப்பியவர்களை ஞாயிறு பிற்பகல் ஏற்றம் பிடித்தது. அப்போது கரையில் வாய்கள் ஏற்கனவே திறந்திருந்ததால் உள்ளே நீர் முதல்முறையைவிட உயர்ந்தது. ஊறிப்போன செங்கல் வீடுகள் அப்போதுதான் விழுந்தன.

உடைப்பை அடைப்பது ஏன் கடினம் என்பதற்கும் ஓதமே காரணம். ஏறும்போது உள்ளே, வற்றும்போது வெளியே என்று நாளுக்கு நான்கு முறை நீர் பாய்ந்து வாயை அகழ்கிறது. சேலாந்தின் ஸ்கெல்ப்ஹூக் என்ற இடத்தில் அந்த வாய் அரைக் கிலோமீட்டருக்கும் அகலமாகி, ஆழம் 30 மீட்டரைத் தாண்டியது. மூட்டை போட்டால் மூட்டை போகும். ஓதம் திரும்பும் சில நிமிட அசைவின்மையில் ராட்சதக் கான்கிரீட் பெட்டியை மிதக்கவிட்டு, நேர்படுத்தி, நீர் நிரப்பி அமிழ்த்த வேண்டும். கடைசி உடைப்பு, அவுவெர்கெர்க்கில், நவம்பர் 6 அன்றுதான் மூடியது.

நீர் வடிந்த வயலில் அடுத்த சிக்கல். கடல்நீரின் சோடியம் களிமண்ணில் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துவிடும். மழை உப்பைக் கழுவியதும் விவசாயி மகிழ்வார். ஆனால் அப்போதுதான் மண் குழைந்து பசையாகி, காய்ந்ததும் பாறையாகும். ஈரத்தில் உழுதால் கெட்டது. ஜிப்சம் தூவிக் கால்சியத்தைத் திருப்பித் தர வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் வயல்களிலும் இதே ஜிப்சம்தான் போட்டார்கள்.

அடுத்து வந்த டெல்டா திட்டம் கழிமுகங்களை அடைத்துக் கரையின் நீளத்தையே குறைத்தது. கிழக்கு ஸ்கெல்ட் முகத்துவாரத்தை முழுதாக அடைத்தால் சிப்பிகளும் ஓதம் ஏறி இறங்கும் சேற்றுநிலமும் அழியும் என்று மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் போராடினார்கள். அதனால் 62 எஃகுக் கதவுகள் கொண்ட தடுப்பு 1986-இல் திறக்கப்பட்டது. கடல் 3 மீட்டரைத் தொடும் என்று கணித்தால் மட்டும் கதவு இறங்கும். 2013 டிசம்பர் 5 புயலில் இங்கிலாந்துக் கிழக்குக் கரையின் சில இடங்களில் நீர் 1953-ஐவிட உயர்ந்தது. முன்னறிவிப்பும் கரையும் வேலை செய்ததால் உயிரிழப்பு மிகச் சிலதான்.

கரைகளின் உட்சரிவு இப்போது ஒரு மீட்டர் உயரத்துக்கு மூன்று மீட்டர் அகலம். அதன்மேல் நொடிக்கு எத்தனை லிட்டர் நீர் வழிந்தால் தாங்கும் என்று, உண்மையான கரையின் உச்சியில் தொட்டி வைத்து நீரைக் கொட்டிப் பார்க்கிறார்கள். அடர்ந்த புல் வியக்கும்படி தாங்குகிறது: கரையின் ஒரு மீட்டர் நீளத்துக்கு நொடியில் முப்பது, ஐம்பது லிட்டர்வரை. அரிப்பு தொடங்குவது படிக்கட்டின் ஓரம், வேலிக்கால், மரவேர், எலி வளை. அதனால்தான் கரையில் ஆடு மேய விடுகிறார்கள். அவை புல்லைக் கடித்து அடர்த்தியாக்கும், மிதித்து மண்ணை இறுக்கும்.