பாபிள் ஏன் அந்தப் பக்கமே புடைக்கிறது?

"பாபிள் ஸ்டிட்ச் பழகுகிறேன், குமிழ் என் பக்கம் வராமல் துணியின் முதுகுப் பக்கம் போய் நிற்கிறது, எங்கே தப்பு செய்கிறேன்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பாபிள் என்பது குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னும் கைவேலையில், குமிழாகப் புடைத்து நிற்கும் பின்னல். தப்பே இல்லை, குமிழ் அப்படித்தான் போகும். அது ஏன் போகிறது என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம்.

முதலில் செய்முறை. சிங்கிளும் (குட்டையான பின்னல்) டபுளும் (அதைவிட உயரமான பின்னல்) போடத் தெரிந்தால் போதும். (அமெரிக்கப் பெயர்களைச் சொல்கிறேன். பிரிட்டிஷ் புத்தகங்களில் இதே சிங்கிளுக்கு டபுள் என்றும் டபுளுக்கு ட்ரெபிள் என்றும் பெயர், ஆகவே படிக்கும் புத்தகம் எந்த ஊர்க் கணக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) ஒரே கண்ணிக்குள் ஐந்து டபுள் போட வேண்டும், ஆனால் எதையும் முழுசாக முடிக்காமல் ஒவ்வொன்றின் கடைசி வளையத்தையும் ஊசியிலேயே விட்டுவிட வேண்டும். ஐந்தாவது வந்ததும் ஊசியில் ஆறு வளையம் நிற்கும். நூலைச் சுற்றி, ஆறுக்குள்ளும் ஒரே இழுப்பு. அப்புறம் பக்கத்துக் கண்ணியில் ஒரு சிங்கிள், கொஞ்சம் இறுக்கமாக.

அந்தச் சிங்கிள் விழும்போது கவனியுங்கள், அதுவரை சும்மா படுத்திருந்த ஐந்து டபுளின் கால்களும் (நிற்கும் தண்டுகள்) சட்டென்று வளைந்து புடைக்கும். காரணம் உயரக் கணக்குதான். டபுளின் கால் சுமார் மூன்று செயின் (சங்கிலிக் கண்ணி) உயரம், சிங்கிள் ஒரு செயின் உயரம். இரண்டு பக்கமும் சிங்கிள் நிற்பதால் வரிசையின் மேல் விளிம்பு ஒரு செயின் உயரத்திலேயே கட்டுப்பட்டுவிடுகிறது. மூன்று செயின் நீளக் காலை அந்த இடத்துக்குள் அடைத்தால் மிச்ச நீளம் எங்கே போகும்? பக்கவாட்டில் விரியவும் வழியில்லை, ஐந்தும் கீழே ஒரே கண்ணியில், மேலே ஒரே முடிச்சில். துணியை விட்டு வெளியே வளைவது ஒன்றுதான் மீதி.

பிளாஸ்டிக் ஸ்கேலை நிறுத்திவைத்து மேலிருந்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், ஓரளவு வரை நேராக நின்று தாங்கும், பிறகு திடீரென்று வில்லாக வளையும். கணிதவியலாளர் ஆய்லர் 1744-லேயே இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார்: கம்பத்தின் நீளம் மூன்று மடங்கானால் வளையாமல் தாங்கும் சுமை ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். உல்லன் நூல் எஃகுக் கம்பம் இல்லை, அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்த முடியாது, ஆனால் நெட்டையான கால் சுலபமாக வளைந்துகொடுக்கும் என்ற போக்கு அதேதான்.

சரி, ஏன் அந்தப் பக்கம்? ஸ்கேலில் முன்பே லேசான வளைவு இருந்தால் அழுத்தும்போது அந்தத் திசையிலேயே வளையும். குரோஷாவில் ஊசி நம் பக்கமிருந்து உள்ளே போய் நூலை நம் பக்கமே இழுத்து வருகிறது, மேல் முடிச்சும் நம்மை நோக்கியே இறுகுகிறது. அதனால் கால்களின் வயிறு எதிர்ப்பக்கம் சாய்ந்தே இருக்கும், அழுத்தம் வந்ததும் அங்கேயே புடைக்கும். இதற்காகத்தான் துணியின் பின்பக்கம் நம்மைப் பார்த்திருக்கும் வரிசைகளில் பாபிள் போடுவார்கள்.

இதெல்லாம் பொழுதுபோக்குக் கைவேலை என்று ஒதுக்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. வளைந்து நெளியும் ஹைபர்போலிக் தளத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும்படி டைனா டைமினா என்ற கணிதவியலாளர் 1997-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்துகாட்டியது குரோஷா ஊசியால்தான். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் எலிசபெட்டா மாட்சுமோட்டோவின் குழு, பின்னல் துணி ஏன் இழுபடுகிறது என்பதை இயற்பியலாகவே ஆராய்கிறது. பின்னலாடையில் உலகத்துக்கே சரக்கு அனுப்பும் திருப்பூர் நம்மிடம் இருக்கிறது, இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு இங்கே தாராளமாகவே பணம் ஒதுக்கலாம்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு சோதனை. 4 மி.மீ. ஊசியில் இரண்டு சின்னத் துண்டு பின்னுங்கள், ஒன்றில் பாபிளுக்கு இரு பக்கமும் டபுள், இன்னொன்றில் சிங்கிள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். முதலாவது லேசான தடிப்பாகத்தான் தெரியும், இரண்டாவது ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி விரலில் தட்டுப்படும்.