ஒரு நுங்குக்கு 2.80 கண்

வேலந்தாவளம் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்தும் ஆசிரியை போன மாதம் ஒரு கடிதமும் கூடவே நான்கு பக்க அட்டவணையும் அனுப்பியிருந்தார். "சார், பிள்ளைகளோடு சேர்ந்து இரண்டு சீசனாக நுங்கு எண்ணி வைத்திருக்கிறோம். இதை ஆய்விதழுக்கு அனுப்பலாமா? என்னென்ன தயார் செய்ய வேண்டும்?" கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி: "நல்ல நேரம் பார்த்து அனுப்பச் சொல்கிறார் அம்மா. சிரிக்காதீர்கள்."

சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நுங்கு. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சினிமாவில் காட்டுகிற கேரளம் அங்கே இல்லை. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி எல்லாம் மழை குறைந்த பூமி. வரப்புக்கு வரப்பு பனை. போர்டு மலையாளத்தில் இருக்கும், பேச்சு தமிழில் நடக்கும், நொங்கு இரண்டிலும் நொங்குதான். அங்கே பிள்ளைகளுக்கு எண்ணுவதற்குப் பனங்காயைவிட வசதியான பொருள் கிடையாது.

காயைச் சீவினால் பெரும்பாலும் மூன்று கண். சிலதில் இரண்டு, எப்போதாவது ஒன்று. பனம்பூவின் சூலகத்துக்கு மூன்று அறை, அறைக்கு ஒரு சூல். மகரந்தம் போய்ச் சேர்ந்த சூல்தான் விதையாகும். நாம் உறிஞ்சுவது அந்த முற்றாத விதையின் கருவூண். இனி ஆண்பனை வேறு மரம், பெண்பனை வேறு மரம். ஆண்பனையின் பாளையைக் கள்ளுக்குச் சீவிவிட்டால் அந்த மகரந்தமும் போயிற்று. அப்படியானால் ஆண்பனை தள்ளி நிற்கும் இடத்தில் காய்க்குக் கண் குறையுமா? இதுதான் அந்தப் பிள்ளைகள் கேட்டது. எட்டாம் வகுப்பு கேட்ட கேள்வி என்று யாரும் ஒதுக்கிவிட முடியாத கேள்வி.

சரி, அனுப்புவது எப்படி? இதில் முக்கால்வாசி வேலை கல்யாணப் பத்திரிகை அடிக்கிற மாதிரிதான்: பெயர் வரிசை, ஊர், எழுத்துப்பிழை. இதழைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அது எந்த மாதிரிக் கட்டுரைகளைப் போடுகிறது என்று கடைசி இரண்டு வருட இதழ்களைப் புரட்டுங்கள். பெங்களூரிலிருந்து 1932 முதல் வரும் கரன்ட் சயின்ஸ் எல்லாத் துறைக்கும் இடம் தரும்; பூச்சிக்கென்று நடக்கும் இதழுக்கு நுங்கை அனுப்பினால் நான்கே நாளில் திரும்பி வரும். எழுத்தாளர்களுக்கான விதிமுறை என்று ஒரு பக்கம் இருக்கும். அதை இரண்டு முறை படியுங்கள். நான் அனுப்பிய முதல் கட்டுரை திரும்பி வந்ததற்குக் காரணம் அறிவியல் இல்லை. வரி எண் போடவில்லை.

முன்னுரை, செய்முறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு அறைக்குள் கட்டுரை அடங்க வேண்டும். சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள், ஏனென்றால் பலர் அதை மட்டும்தான் படிப்பார்கள். எடிட்டருக்கு ஒரு கவரிங் லெட்டர் அரைப் பக்கத்துக்குள். ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது; ஒரு வீட்டில் பேச்சு நடக்கும்போது இன்னொரு வீட்டுக்கு ஜாதகம் கொடுக்கிற கதை. பனை ஏறிக் காய் இறக்கித் தந்தவருக்கு நன்றியுரையில் ஒரு வரி வேண்டும், ஆசிரியையின் கைப்பிரதியில் அது இல்லை. எழுத செயற்கை நுண்ணறிவு மென்பொருளின் உதவி இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். அதை ஆசிரியர் பட்டியலில் சேர்க்க இதழ்கள் சம்மதிப்பதில்லை, ஏனென்றால் தப்பு நடந்தால் பொறுப்பேற்க அதற்கு ஆள் இல்லை. மூல எண்களை, அதாவது பிள்ளைகள் நோட்டில் எழுதியதை, அப்படியே தட்டச்சு செய்து கூடவே கொடுப்பது நல்லது.

இவ்வளவும் எந்த வழிகாட்டியிலும் கிடைக்கும். எனக்கு ஆசை வேறொன்றைச் சொல்ல.

அவருடைய அட்டவணையில் ஒரு வரி இப்படி இருந்தது: "மரம் 4. காய்கள் 23. காய்க்குச் சராசரி கண் 2.80."

எனக்கு அந்த மரத்தைத் தெரியாது. ஒரு காயையும் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வரி தப்பு என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்ல முடிந்தது. எப்படி?

கண் என்பது முழு எண். அரைக் கண் நுங்கு இல்லை. ஆகவே 23 காய்களின் கண்களைக் கூட்டினால் வருவதும் முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும். சராசரியை எண்ணிக்கையால் பெருக்கினால் அந்தக் கூட்டுத்தொகை திரும்பக் கிடைக்க வேண்டும். பெருக்குங்கள்: 2.80 × 23 = 64.4. இந்த .4 எங்கிருந்து வந்தது? தசமத்தை இரண்டு இலக்கத்துக்குச் சுருக்கியதால் கொஞ்சம் இடறியிருக்கலாம், அந்தச் சந்தேகத்தின் பலனைக் கொடுப்போம். மொத்தம் 64 கண் என்று வைத்தால் சராசரி 2.78. 65 என்று வைத்தால் 2.83. இரண்டுக்கும் நடுவில் வேறு முழு எண் இல்லை. 23 காய்களை வைத்துக்கொண்டு 2.79, 2.80, 2.81, 2.82 ஆகிய நான்கையும் யாராலும் எட்ட முடியாது. பிரம்மாவே வந்து எண்ணினாலும் முடியாது.

படிக்கட்டு மாதிரி யோசியுங்கள். 23 காய் என்றால் ஒன்றுக்கும் அடுத்த முழு எண்ணுக்கும் இடையில் 23 படிகள்தான்: .00, .04, .09, .13, .17 என்று போகும். இரண்டு தசம இடத்தில் எழுத நூறு முடிவுகள் உண்டு. அதில் 23 மட்டுமே உண்மையான படி, மீதி 77 அந்தரம். தப்பாக ஒரு சராசரி எழுதினால் அது அந்தரத்தில் போய் நிற்கவே வாய்ப்பு அதிகம். பத்தே காய் என்றால் இன்னும் மோசம்: இரண்டாவது தசமம் பூஜ்யமாகத்தான் இருக்க முடியும். 2.83 என்று எழுதியிருந்தால் அப்போதே பிடிபடும். காய் நூறைத் தாண்டினால் எல்லா இடத்திலும் படி வந்துவிடும், சோதனை பல்லிழந்து போகும். சின்ன எண்ணிக்கைக்காரர்களின் தப்புதான் இதில் சிக்கும். எடை, உயரம் மாதிரி அளப்பவற்றுக்கு இது செல்லாது, எண்ணுபவற்றுக்குத்தான். சதவீதத்துக்கும் செல்லும்: 23 காய்களில் 68.0 சதவீதம் மூன்று கண் என்றால், 15 காய் 65.2, 16 காய் 69.6. நடுவில் ஒன்றுமில்லை.

பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய இந்தச் சோதனைக்கு 2016இல்தான் ஒரு பெயர் கிடைத்தது. நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹீதர்ஸ் என்ற இருவர் இதற்கு க்ரிம் சோதனை என்று பெயர் வைத்து, உளவியல் இதழ்களில் வந்த கட்டுரைகளைப் போட்டுப் பார்த்தார்கள். சோதிக்க வாகாக இருந்த 71 கட்டுரைகளில் 36இல் குறைந்தது ஒரு சராசரியாவது அந்தரத்தில் நின்றது. பாதி! மதிப்பாய்வாளர், எடிட்டர், பிழை திருத்துபவர் என்று எல்லோர் கண்ணையும் தாண்டி அச்சேறிய எண்கள். சிலரிடம் மூலத் தரவு கேட்டு வாங்கிப் பார்த்தபோது, கிடைத்த ஒன்பதிலும் உண்மையாகவே பிழை இருந்தது. பிழை என்றால் பித்தலாட்டம் என்று பொருள் இல்லை, பெரும்பாலும் கவனக்குறைவு.

பிரவுனை எனக்குப் பிடிக்க இன்னொரு காரணம் உண்டு. கணினித் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு நடுவயதில் உளவியல் படிக்க வந்தவர் அவர். மகிழ்ச்சியாக வாழ நல்லுணர்வுக்கும் தீய உணர்வுக்கும் 2.9013 என்ற விகிதம் வேண்டும் என்று புகழ்பெற்ற ஒரு கட்டுரை சொல்லிக்கொண்டிருந்தது. நான்கு தசம இடம்! இன்னும் இருவரோடு சேர்ந்து அந்தக் கணக்கு நிற்காது என்று 2013இல் எழுதினார். அப்போது அவர் பேராசிரியர் இல்லை, மாணவர்.

மரம் 4க்குத் திரும்புவோம். சோதனை "தப்பு" என்று சொல்வதோடு நிற்காது, தடயமும் தரும். எத்தனை காய் இருந்தால் 2.80 வரும்? 21, 22, 24 எதிலும் வராது, போட்டுப் பாருங்கள். 25க்கு 70 கண் என்றால் வரும். 20க்கு 56 கண் என்றால் வரும். ஆக, இரண்டு காய் கணக்கில் சேராமல் போயிருக்கிறது, அல்லது மூன்று காய் கூடுதலாக ஏறியிருக்கிறது. ஆசிரியைக்கு எழுதிக் கேட்டேன். மறுநாளே பதில்: "சார், 23 காய் இறக்கினோம். எண்ணுவதற்குள் பையன்கள் மூன்றைத் தின்றுவிட்டார்கள்."

இதைவிட நேர்மையான தரவு இழப்பை நான் எந்த ஆய்விதழிலும் படித்ததில்லை. செய்முறைப் பகுதியில் அதை அப்படியே எழுதச் சொன்னேன்: இறக்கியது 23, எண்ணியது 20. மூன்று காய் விடுபட்ட காரணமும் வேண்டும். பையன்கள் பெரிய காயாகப் பார்த்துத் தின்றிருந்தால் சராசரியே சாய்ந்துவிடும் அல்லவா?

அனுப்பிய பிறகு என்ன ஆகும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். எடிட்டர் மேலோட்டமாகப் பார்ப்பார், வேறு எங்கிருந்தாவது எடுத்ததா என்று மென்பொருள் பார்க்கும், பிறகு அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேருக்குப் போகும். அவர்களுக்குச் சம்பளம் பெரும்பாலும் கிடையாது. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். "திருத்தி அனுப்புக" என்று வந்தால் துக்கப்பட வேண்டாம், அது நல்ல செய்தி. இப்படி வெளியாளுக்கு அனுப்பிப் பார்ப்பது ஏதோ ஆதிகாலத்து வழக்கம் என்று நினைக்கிறோம். நேச்சர் இதழே 1973க்குப் பிறகுதான் இதை முறையாகச் செய்கிறது. ஐன்ஸ்டீனுக்கு இது பழக்கமில்லாமல் 1936இல் கோபம் வந்தது. ஈர்ப்பலைகள் இல்லை என்று அவரும் நாதன் ரோசனும் எழுதிய கட்டுரையை ஃபிசிக்கல் ரிவியூ எடிட்டர் வேறொருவருக்குக் காட்டினார் என்று திரும்ப வாங்கிக்கொண்டார். அந்த வேறொருவர் கண்டுபிடித்த பிழை உண்மையான பிழை. கட்டுரை பின்னால் முடிவு மாறி வேறு இதழில் வந்தது. மதிப்பாய்வாளர் எச். பி. ராபர்ட்சன் என்பது 2005இல்தான் வெளியே தெரிந்தது. மரத்தின் பின்னால் நின்று கல்லெறிந்தவர் என்று நினைத்தால், அவர் எறிந்தது மாங்காய்.

காசு விஷயம். சில இதழ்கள் கட்டுரை போடக் கட்டணம் கேட்கும். 2021இல் திறந்த அணுக்கத்துக்கு, அதாவது கட்டுரையை யாரும் காசில்லாமல் படிக்கும்படி போடுவதற்கு, நேச்சர் வைத்த விலை 9,500 யூரோ, அன்றைக்கு எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். கட்டணம் கேட்காத நல்ல இதழ்களும் உண்டு, தேடினால் கிடைக்கும். "மேன்மைதங்கிய பேராசிரியரே" என்று வலிய வந்து கூப்பிடுபவர்களிடம் மட்டும் போக வேண்டாம். அப்படி ஒரு இதழ் மூன்றே நாளில் என் கட்டுரையை "நிபுணர்கள் பாராட்டியதாக" ஏற்றுக்கொண்டு பில் அனுப்பியது. படங்களை இணைக்க நான் மறந்திருந்தேன். இல்லாத படத்தையும் நிபுணர்கள் பாராட்டியிருந்தார்கள்.

ஆய்விதழ்களைப் படிப்பதற்காக மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ஒதுக்கியிருக்கிறது. அரசுக் கல்லூரிகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் நல்லதுதான். பள்ளி ஆசிரியை அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறார். அந்தத் தொகையில் ஒரு துளியை நுங்கு எண்ணுகிற பள்ளிகளுக்குத் தராசும் நோட்டும் வாங்கக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

அம்மாவின் நல்ல நேரம். ராகுகாலம் என்பது சூரியன் உதிப்பதிலிருந்து மறைவதுவரை உள்ள பொழுதை எட்டாக வகுத்து எடுக்கும் ஒரு பங்கு. அதற்கு ஓர் ஊரின் சூரியன் வேண்டும். அனுப்புகிறவர் வேலந்தாவளத்தில், எடிட்டர் எங்கேயோ, சர்வர் இன்னும் எங்கேயோ. யார் வீட்டுச் சூரியனைக் கணக்கில் எடுப்பது? ஆனால் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் படித்தவர்களின் பஞ்சாங்கம் இதைவிட மோசம். இதழின் தாக்கக் காரணி 2.431 என்றால் உயர்த்தி, 2.429 என்றால் தாழ்த்தி என்று வேலைக்கு ஆள் எடுத்த குழுக்கள் உண்டு. அதுவும் ஒரு சராசரிதான்: முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் அந்த ஆண்டில் எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பது. அதை வெளியிடும் நிறுவனமே 2023இல் மூன்று தசமத்தை ஒன்றாகக் குறைத்துக்கொண்டது. இப்போது இரண்டுமே 2.4. அம்மாவுக்காகத் திங்கள் காலை ஒன்பதரைக்கு அனுப்புங்கள், ஏழரை முதல் ஒன்பது கழிந்திருக்கும், நமக்கொன்றும் நஷ்டமில்லை என்று எழுதினேன்.

அந்தத் திங்கட்கிழமை அனுப்பவில்லை. காரணம் நான்தான். அட்டவணையை மறுபடி எடுத்து மற்ற மரங்களையும் பெருக்கிப் பார்த்தேன். மரம் 5, 17 காய், 2.59: மொத்தம் 44, பொருந்துகிறது. மரம் 6, 19 காய், 2.45. பெருக்கினால் 46.55, 46 என்றால் 2.42, 47 என்றால் 2.47. இருபது காயும் 49 கண்ணும் என்றால் சரியாக வரும். இந்த முறை காய் குறையவில்லை, எங்கிருந்தோ ஒன்று கூடியிருக்கிறது. ஆசிரியை பிள்ளைகளின் நோட்டுகளை வாங்கி வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறார்.