டாலெக் குரலுக்குள் ஒரு பெருக்கல் கணக்கு

1963 டிசம்பர் 21 அன்று பிபிசி ஒளிபரப்பிய ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைவுத் தொடரின் அத்தியாயம், அலறும் பார்பரா என்ற கதாபாத்திரத்தை நோக்கி ஒரு கை நீள்வதோடு முடிந்தது. அந்தக் கையின் நுனியில் இருந்தது, பாத்திரம் கழுவும் தொட்டியின் அடைப்பை எடுக்கும் ரப்பர் கிண்ணம்தான். கைக்குச் சொந்தக்காரரைக் காண ஒரு வாரம் பொறுக்க வேண்டியிருந்தது. அடுத்த அத்தியாயத்தில், உலோகக் கூட்டுக்குள் வாழும் வேற்றுக்கிரக வில்லன்களான டாலெக்குகள் முழு உருவில் வந்தன. பேசவும் செய்தன. டெர்ரி நேஷன் எழுதிய அந்த ஏழு அத்தியாயத் தொடர்கதையில், ரேமண்ட் கியூசிக் வடிவமைத்த உடல் பாதி பயத்தைத் தந்தது என்றால், மீதிப் பாதி அந்தக் குரலின் வேலை. என்னைக் கேட்டால், பாதிக்கும் மேலே.

பேசியவர்கள் பீட்டர் ஹாக்கின்ஸ், டேவிட் கிரஹாம் என்ற இரு நடிகர்கள். அவர்களின் குரலை உலோகமாக்கியது ‘ரிங் மாடுலேட்டர்’ என்ற சிறு மின்சுற்று. அதைத் தேர்ந்தெடுத்தவர் பிபிசியின் ஒலி விளைவுப் பிரிவான ரேடியோபோனிக் வொர்க்‌ஷாப்பைச் சேர்ந்த பிரையன் ஹாட்ஜ்சன். இந்தச் சுற்று பயமுறுத்தப் பிறந்ததல்ல. ஒரே கம்பியில் பல தொலைபேசி உரையாடல்களை அனுப்புவதற்காகப் பொறியாளர்கள் பயன்படுத்தி வந்தது.

மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் நான்கு டயோடுகளை வளையமாக இணைத்து, இரு பக்கமும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் சுற்று தயார். ஒரு பக்கம் நடிகரின் குரல் நுழைகிறது. இன்னொரு வழியாக நொடிக்குச் சுமார் 30 முறை அதிரும் சீரான அலை. அந்த அலை மேலேறும்போது ஒரு ஜோடி டயோடு திறந்து குரலை அப்படியே விடுகிறது. கீழிறங்கும்போது மறு ஜோடி திறந்து குரலைத் தலைகீழாக்கி விடுகிறது. கணக்கில் இதற்குப் பெயர் பெருக்கல்: குரலை அலையால் பெருக்குவது. அலை பூஜ்யத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும், அதாவது நொடிக்கு 60 முறை, குரல் அறுந்து மீள்கிறது. சுழலும் மின்விசிறிக்கு முன் நின்று பேசிப் பார்த்த குழந்தைகளுக்கு இந்த நடுக்கம் பழக்கமானதே.

நடுக்கத்தோடு போயிருந்தால் அது வெறும் வேடிக்கைக் குரல். பெருக்கல் இன்னொன்றையும் செய்கிறது. ஒருவர் 130 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 130 அதிர்வில், ‘ஆ’ என்றால், அதில் 260, 390 என்று மடங்குகளாக மேலதிர்வுகளும் இருக்கும். அந்த ஒழுங்கால்தான் காது அதை ஒரே குரலாகக் கேட்கிறது. 30 ஹெர்ட்ஸோடு பெருக்கியதும் 130 மறைந்து 100, 160 என்று இரண்டாகிறது. 260 என்பது 230, 290 ஆகிறது. 390 என்பது 360, 420. பழைய மடங்கு உறவு குலைந்துபோகிறது. மணியும் தகரமும் எழுப்பும் ஒலியில் இப்படிப்பட்ட ஒழுங்கற்ற அதிர்வுகள் உண்டு. உலோகம் என்று மூளை முடிவுகட்டுவது அதனால்தான்.

30 என்ற சிறிய எண்ணில்தான் சூட்சுமம். உயிரெழுத்துகளைப் பிரித்தறிய உதவும் அதிர்வுத் தொகுப்புகள் பல நூறு ஹெர்ட்ஸிலிருந்து ஆயிரங்கள் வரை பரவியிருப்பவை. 30 நகர்ந்தால் அவற்றுக்கு ஒன்றும் குறையாது. 1,000 ஹெர்ட்ஸால் பெருக்கியிருந்தால் மிரட்டல் கேட்கும், வசனம் புரியாது. நடிகர்களும் ஒத்துழைத்தார்கள்: ஏற்ற இறக்கமின்றி, அசை அசையாக வெட்டிப் பேசினார்கள்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. பார்வைக்கு எல்லா டாலெக்கும் ஒன்றுபோல. குரலோ வேறிடத்திலிருந்து வருகிறது. எது பேசுகிறது என்று எப்படிக் காட்டுவது? தலையில் இரண்டு விளக்குகள் பொருத்தினார்கள். உள்ளே அமர்ந்து டாலெக் கூட்டை நகர்த்தியவர், தான் பேசாத வசனத்தைக் கேட்டபடி, அசைக்கு அசை விளக்கை மினுக்க வேண்டியிருந்தது.