கொச்சிக்காய்க் காரம் எடுத்து விற்கப் போகிறீர்களா? ஸ்பிரிட் வாங்குமுன் கொஞ்சம் பொறுங்கள்

எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவரின் மகன் பல்கலைக்கழக வளாகத்தில் இரசாயனம் படித்தவர். கொச்சிக்காயின், அதாவது மிளகாயின், காரத்தைப் பிரித்தெடுத்து சோஸ் செய்கிறவர்களுக்கு விற்கலாம் என்று கிளம்பினார். வியாபாரப் பெயரைப் பதிய அம்மாவின் பெயரில் விண்ணப்பம். ஐந்து தடவை அலுவலகம் போனதில் அக்காவுக்கு ஐந்து நாள் பேர், அதாவது நாட்சம்பளம், போனது. கேட்ட கேள்வி ஒன்றுதான்: "காணி உறுதி எங்கே?"

தோட்டத்து வரிசை வீடான லயக் காம்பராவுக்கு யாரிடம் உறுதி இருக்கிறது? காணி சொந்தமாக இல்லாவிட்டால் உரித்தாளரின் சம்மதக் கடிதமோ வாடகை ஒப்பந்தமோ காட்டலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆறாவது தடவைதான் தெரிந்தது. ஆகவே தோட்ட நிர்வாகத்திடம் முதலில் எழுத்தில் கேளுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். துரை மறுத்தால் டவுனில் சொந்தக்காரர் வீட்டு முகவரிக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள்.

பதிவு அலுவலகத்தில் "நாளைக்கு வாங்க" என்று இழுத்தால் வாயால் வாதாட வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தச் சுற்றறிக்கைப்படி உறுதி கேட்கிறீர்கள் என்று தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். எழுத்தைப் பார்த்ததும் கோப்பு நகர்வதை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு அலைச்சல், பேராதனையில் உள்ள ஏற்றுமதி விவசாயத் திணைக்களம். அங்கே மிளகுக்கு உதவி உண்டு, கறுவா, ஏலம், கராம்புக்கும் உண்டு. மிளகாய் அவர்கள் பயிர் அல்ல, அது விவசாயத் திணைக்களத்தின் பயிர். மிளகு, மிளகாய் குழப்பத்தில் பஸ் காசு போனவர்கள் பலர்.

சரி, ஸ்பிரிட்டுக்கு வருவோம். காரம் தரும் கப்சைசின் விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில்தான் அதிகம். தண்ணீரில் அனேகமாகக் கரையாது; எதனோல் என்ற ஸ்பிரிட், அசற்றோன், எண்ணெயில் கரையும். கரைப்பானை ஆவியாக்கினால் கருஞ்சிவப்பில் பிசினாக ஒட்டும் சாறு மிஞ்சும். அதில் நிறமும் கொழுப்பும் கலந்திருக்கும். நிறமற்ற சுத்தமான பளிங்கு வேண்டுமென்றால் சிலிக்கா நிரப்பிய குழாய் வழியாக விட்டுப் பிரிக்க வேண்டும். அது ஆய்வுகூட வேலை, குசினி வேலை அல்ல.

எதனோலுக்கு மதுவரித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அசற்றோன் போதைப்பொருள் செய்யவும் பயன்படுவதால் கட்டுப்பாட்டில் உள்ள இரசாயனம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையிடம் கேட்காமல் கேன் கணக்கில் வாங்காதீர்கள். கடையில் கிடைக்கும் நீல ஸ்பிரிட்டை உணவுக்குத் தொடவே வேண்டாம், அதில் மெதனோல் இருக்கும். விறகடுப்புப் பக்கத்தில் இந்த ஆவி பற்றினால் ஒரு காம்பராவோடு நிற்காது, லயமே எரியும்.

அந்தத் தம்பி இப்போது நன்றாகக் காய்ந்த கொச்சிக்காயைத் தேங்காய் எண்ணெயில் இளஞ்சூட்டில் வைத்துக் காரம் இறக்குகிறார். அதற்கு ஸ்பிரிட் அனுமதி தேவையில்லை. உணவாக விற்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முதலிலேயே கூப்பிட்டு இடத்தைக் காட்டினார். பதிவுச் சான்றிதழ் அக்காவின் பெயரில் வந்துவிட்டது, ஒன்பதாவது தடவை போனபோது.